சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

ஆள் இல்லாத ரோலருக்கு ஆள் உயரத்தில் மாலை போட்டிருந்தார்கள். ஆவுடையப்பன் பார்த்துக்கொண்டிருந்தான், பார்க்காமல் எங்கே போவது, அவனை நிறுத்தி வைத்திருந்த இடமே அதற்கு எதிரில்தான். கழுத்தில் வார், வாரில் ஒரு கறுப்புப் பெட்டி, பெட்டியில் சிவப்பாக ஒரே ஒரு பொத்தான். அமுக்கினால் ரோலர் நிற்கும். அமுக்காவிட்டால் அது தன் போக்கில் போகும், வரும், தானே திரும்பும். இத்தனை வருஷம் அதே ரோலர் மேல் உட்கார்ந்து ஓட்டியவனுக்கு இப்போது கிடைத்திருக்கும் உத்தியோகம் இதுதான், வண்டிக்கு முன்னால் காவல் நிற்பது. புது வண்டிகூட இல்லை. அதே வண்டிக்கு நெற்றியில் ரெண்டு, பிடரியில் ரெண்டு என்று கேமராக் கண் வைத்து, உச்சியில் ஒரு குடுமி மாதிரி ஏதோ சுற்றுகிற சாமானை மாட்டி விட்டார்கள். சீட்டை மட்டும் கழற்றவில்லை. அவன் உட்கார்ந்து உட்கார்ந்து இடது பக்கம் அமுங்கிப்போன சீட்டு. அதில் பிள்ளையார் படத்தைச் சாய்த்துச் சந்தனம் பூசி வைத்திருந்தார்கள். பிள்ளையாரே, அந்தச் சீட்டில் ஸ்பிரிங் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும், பார்த்து உட்காரும். சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது. உப்பளத்துப் பக்கமிருந்து காற்று வந்து கண்ணில் கரித்தது. பந்தலுக்குக் கீழே சென்னையிலிருந்து வந்த முதலாளி, துறைமுகத்து ஆட்கள், குடை பிடித்தபடி லேபர் காண்ட்ராக்டர். கன்டெய்னர் அடுக்குவதற்காக இந்தத் தரையைக் கெட்டிப்படுத்தும் வேலை இன்னும் பாதிகூட ஆகவில்லை. இன்றைக்கு இந்த வண்டி சொன்னபடி ஓடி, சொன்னபடி நின்றுவிட்டால் மீதி ரோலர்களுக்கும் இதேபோல் கண் வைத்துவிடுவார்கள். அதற்குத்தான் இந்த மாலை, சாமியானா, ஐஸ் போட்ட ரோஸ்மில்க் எல்லாம்.

கிரிதரன் சார் காலரில் மைக்கைச் செருகிக்கொண்டு பேச ஆரம்பித்தார். ப்ராஜெக்ட் மேனேஜர். வழித்து வாரிய தலை, பச்சை சேஃப்டி ஜாக்கெட், அதில் வெள்ளியாகப் பளபளக்கும் பட்டை. இந்தத் தலையில் ஒரு நாள் புழுதி அப்பிப் பார்க்க வேண்டும், இந்த வாய் ஒரு நாள் மூடிக் கிடக்கிறதைப் பார்க்க வேண்டும் என்று ஆவுடையப்பன் ஆசைப்படாத நாள் கிடையாது. காலையில் பல் விளக்கும்போது அந்த ஆசை வந்துவிடும். துப்புவான், போகாது. திரையில் படம் மாறியது. அவன் ரோலர். பக்கத்தில் சிவப்புப் பெயிண்டில் வட்டம் போட்டது போல் ஒரு கறை. கறைக்கு மேலே பெரிய எழுத்தில் ‘மனிதப் பிழை’. "போன வருஷம் இதே இடத்துல ஒரு விபத்து. ஹார்ன் அடிச்சுது, கண்ணாடி இருந்துச்சு, எல்லாம் இருந்துச்சு. ஓட்டினவர் பின்னால பார்க்கல, அவ்வளவுதான். மெஷினுக்குத் தூக்கம் வராது, கவனம் சிதறாது." ஹார்ன் அடித்ததாம். அடித்ததாம்! கேட்டுக்கொள் பூமாதேவியே. அன்றைக்கு மத்தியானம் மதில் சுவரை ஒட்டிய பங்களாவிலிருந்து போன் வந்தது, பெரிய மனுஷன் சாப்பிட்டுக் கண் அயரும் நேரம், வண்டி பின்னால் வரும்போது கீ கீ என்று கத்துகிறது என்று. இதே கிரிதரன் சார்தான் வந்தார், இதே வாயால்தான் சொன்னார், "அந்த வயரைக் கழட்டி விடுங்க ஆவுடை, இன்னைக்கு ஒரு பொழுது மட்டும்." எலக்ட்ரீசியன் கழற்றினான். சாப்பிட்டு முடித்து வந்த மச்சினன் பேச்சிமுத்துவுக்கு வயர் கழற்றிய சங்கதி தெரியாது. வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து ஜல்லியை இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். வண்டி பின்னால் வந்தால் கத்தும் என்ற தைரியம். அப்புறம் ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டும் முன்னால் வயர் பழைய இடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. விசாரணைக்கு வந்தவர்கள் வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னார்கள், கீ கீ என்று ஊரைக் கூட்டியது. எலக்ட்ரீசியன் உட்பட நாலு பேர் ஹார்ன் எப்போதும்போல் அடித்தது என்றார்கள். நாலு பேருக்கும் வேலை மிஞ்சியது.

பேச்சிமுத்து இப்போது கேட்டில் இருக்கிறான். பெண்டாட்டி கோமதியின் தம்பி, கூடப் பிறந்த ஒரே தம்பி. வலது பாதம் பாதிதான். கம்பெனி பரிதாபப்பட்டு கேட்டில் ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டுக் கொடுத்தது. தினமும் அந்த சேரைத் தாண்டித்தான் ஆவுடையப்பன் உள்ளே வர வேண்டும், அவன் வரும்போது பேச்சிமுத்து கைத்தடியின் ரப்பரைப் பார்ப்பான், அல்லது ரோட்டைப் பார்ப்பான். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசியது. வயரைக் கழற்றினார்கள் மாப்ள, கிரிதரன்தான் கழற்றச் சொன்னான் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஆவுடையப்பன் சொன்னபோது, "நாலு பேரு அடிச்சிச்சிங்காங்க. நீங்க ஒருத்தர்தான் இல்லங்கீங்க அத்தான். எனக்குக் கேக்கல, அது நிசம். ஆனா நான் என்னத்தக் கண்டேன்?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அன்றிலிருந்து வீட்டில் கோமதி சோறு போடுகிறாள், குழம்பு ஊற்றுகிறாள், இன்னும் கொஞ்சம் என்று கேட்டால் வைக்கிறாள். தம்பியைப் பற்றி அவள் வாயைத் திறப்பதில்லை. தீபாவளிக்கு அவன் வரவில்லை, கோயில் கொடைக்கும் வரவில்லை. அவள் திட்டினால்கூடத் தேவலை. சரி, கண்ணாடியைப் பார்த்தேனா? இங்கே வந்துதான் மாட்டும். எதை யோசித்தாலும் சுற்றிக்கொண்டு வந்து இங்கேதான் மாட்டும். பார்த்தேன். எப்போதும் பார்ப்பேன். எப்போதும் பார்ப்பதால் அன்றைக்கும் பார்த்திருப்பேன். வெறும் புழுதி தெரிந்தது. புழுதி தெரிந்தது அன்றைக்கா, அதற்கு முந்தின நாளா? கண்ணாடி, புழுதி, கியர், அப்புறம் அந்த அலறல். நடுவில் ஒரு துண்டு விட்டுப்போகிறது. அந்தத் துண்டை ஹார்ன் நிரப்பியிருக்கும், ஹார்ன் அடித்திருந்தால் கண்ணாடியே தேவையில்லை, பேச்சிமுத்து துள்ளி விலகியிருப்பான். அந்த ஹார்னைப் பிடுங்கியவன் மைக்கில் பேசுகிறான். கை தட்டுகிறார்கள். பேச்சிமுத்துவும் கேட்டிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பான், இன்னொரு தடவை நம்பிக்கொண்டிருப்பான்.

"இப்ப இந்த வண்டி எப்படி நிக்கும்னு பார்ப்போம். வேற யாரையும் நிறுத்த மாட்டேன், நானே முன்னால நிக்கப் போறேன்." பந்தலில் ஆகா ஓகோ. ஆவுடையப்பனின் கட்டைவிரல் பொத்தானின் மேல் சும்மா ஊர்ந்தது. ஆளுக்கு எவ்வளவு தூரத்தில் வண்டி நிற்கும் என்பதற்குச் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்திருந்தார்கள். கோட்டைத் தொட்டதும் வண்டி நிற்கும். நிற்கத்தான் செய்தது, ஒத்திகையில் ஒவ்வொரு முறையும். ஒரு நாள், ஒரே ஒரு தரம் தவிர. அன்றைக்கு நல்ல வெயில், ஆவுடையப்பன் துண்டை நனைத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு முன்னால் நின்றான். வண்டி வந்தது, கோட்டைத் தாண்டியது, வந்துகொண்டே இருந்தது. அவன் அமுக்கினான். அமுக்கிவிட்டு ஜல்லியிலேயே உட்கார்ந்துவிட்டான். சென்னையிலிருந்து கையில் பலகை மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு வண்டியோடு வந்திருக்கும் மெர்லின் என்ற பெண் ஓடி வந்து தண்ணீர் கொடுத்தாள். கிரிதரன் சாரிடம் சொன்னபோது அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்குப் பழைய பயம் ஆவுடை. அது தானா நிக்க இருந்துச்சு, நீங்க முந்திக்கிட்டீங்க. ஏம்மா மெர்லின், சரியா?" அந்தப் பெண் என்னவோ முனகினாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள், அந்த நாலு பேரில் ரெண்டு பேர் இருந்தார்கள். பழைய பயமாம். மறுநாள் யாரும் இல்லாதபோது துண்டோடு நின்று பார்த்தான், துண்டில்லாமல் நின்று பார்த்தான். துண்டில்லாவிட்டால் நிற்கிறது. அவன் போட்டிருந்த ஜாக்கெட்டின் வெள்ளிப் பட்டை துண்டுக்குள் மறைந்தால் வண்டிக்கு மனுஷன் தெரியவில்லை. ஏன் என்று அவனுக்குத் தெரியாது, தெரிந்து ஆகப்போவதும் ஒன்றும் இல்லை. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சித்தாள் பொம்பளைகள் முக்காடு போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள், சட்டைக்கு மேல் சாக்கைப் போர்த்துகிறார்கள், சொல்லத்தான் வேண்டும் என்று ஒரு மனசு. பெட்டி என் கழுத்தில்தானே கிடக்கிறது, என் விரல் இருக்கும்வரை ஒருத்திக்கும் ஒன்றும் ஆகாது என்று இன்னொரு மனசு. அதற்கும் அடியில் கிடந்து புரண்ட மூன்றாவது மனசு என்ன சொன்னது என்பது அவனுக்கு மட்டும் தெரியும். சொல்லாதே, வைத்துக்கொள், ஒரு நாள் உதவும். அதை அவன் சோற்றோடு முழுங்கிக்கொண்டு திரிந்தான்.

"யோவ் ஆவுடை, இங்க வாரும்!" லேபர் காண்ட்ராக்டர் குடைக்குள்ளிருந்து கூப்பிட்டார். கையில் கண்ணாடித் தாள் சுற்றிய பொன்னாடை. முதலாளிக்குப் போர்த்தியாகிவிட்டது, துறைமுகத்துக்காரருக்கும் ஆகிவிட்டது. "கிரி சாருக்கு நீரே போத்தும்வே. பழைய டிரைவரு கையால போத்தினா போட்டோவுக்கு நல்லாருக்கும்." ஆவுடையப்பனுக்கு ஒரு நிமிஷம் காது அடைத்தது. கொலை செய்யக் கத்தியை நாமாகத் தேடிப் போவது ஒன்று. மரியாதையாகத் தாம்பாளத்தில் வைத்து யாராவது நீட்டுவது வேறு. தாளைக் கிழித்தான். மாம்பழ மஞ்சள், கரையில் அகலமான சரிகை, புதுத் துணியின் மொடமொடப்பு. கிரிதரன் சார் குனிந்து தோளைக் கொடுத்தார். அவ்வளவு பக்கத்தில் அந்தக் கழுத்தை அவன் பார்த்ததே இல்லை, பவுடர் பூசியிருந்தது, மச்சத்தில் ஒரு முடி. ஆவுடையப்பன் போர்த்தினான். சும்மா மேலே போட்டுவிட்டுப் போகவில்லை. கல்யாண மாப்பிள்ளைக்குச் செய்கிறதுபோல் பொறுமையாக, முன்பக்கம் ரெண்டு தலைப்பையும் இழுத்து ஒன்றின் மேல் ஒன்று மூடி, வெள்ளிப் பட்டை ஒரு நூல்கூட வெளியே தெரியாமல், ஓரத்தை நீவி விட்டான். "நல்லாருக்கா ஆவுடை?" "ரொம்ப நல்லாருக்கு சார்." கேமரா மின்னியது. பொன்னாடை போர்த்தினால் எல்லாரும் அடுத்த நிமிஷமே எடுத்துப் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுத்துவிடுவார்கள். முதலாளிகூட எடுத்துவிட்டார், வெயில். எடுத்துவிடுவான், எடுத்துவிடுவான் என்று ஆவுடையப்பன் மனசுக்குள் எண்ணிக்கொண்டே பின்னால் நடந்தான். கிரிதரன் சார் எடுக்கவில்லை. படம் எடுக்கிறார்கள், முதலாளி பார்க்கிறார், பொன்னாடையோடு வண்டிக்கு முன்னால் நின்றால் எவ்வளவு கம்பீரம். ஹெல்மெட்டைக்கூட வாரிய தலை கலைந்துவிடும் என்று கையில் பிடித்துக்கொண்டார். அவர் போய் நின்ற இடம் சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம். வண்டி அந்தப் பக்கம். மெர்லின் பலகையைத் தொட்டாள்.

வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. பிள்ளையார் படம் சீட்டில் லேசாக ஆடியது. மெதுவாகத்தான் வரும், ரோலர் என்றைக்கு ஓடியிருக்கிறது, அதுதான் அதில் உள்ள கொடுமை, பார்க்க நேரம் கிடைக்கும். இரும்பு உருளைக்கு அடியில் ஜல்லி முறுக்கென்று நொறுங்கியது. அந்தச் சத்தம் ஆவுடையப்பனின் கடைவாய்ப் பல்லுக்குள் கேட்டது. பேச்சிமுத்துவுக்கும் இந்தச் சத்தம்தான் கடைசியாகக் கேட்டிருக்கும், காலோடு இருந்த கடைசி நிமிஷத்தில். வா. வா ராசா. நான் ஓட்டும்போது மனுஷப் பிழை, இப்போது உன்மேல் மனுஷனே இல்லை, யார் தலையில் எழுதுவார்கள் பார்ப்போம். பிள்ளையார் தலையிலா? என் விரல் பொத்தான் மேல்தான் இருக்கிறது, எல்லாரும் பார்க்கிறார்கள், ஏன் அமுக்கவில்லை என்று கேட்டால் பழைய பயம் போய்விட்டது சார் என்பேன். தானாக நிற்கும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், நான் முந்திக்கொள்ளக்கூடாது என்றுதான் பொறுத்தேன். அந்தப் பாதத்தை எடுத்துக்கொள், அந்தப் பளபளப்பான ஷூவோடு எடுத்துக்கொள், வலது கால், பாதி போதும், பேச்சிமுத்துவுக்குப் போன அளவு. அப்புறம் கேட்டில் ரெண்டு சேர் போடட்டும். வண்டி கோட்டைத் தொட்டது. நிற்கவில்லை. ஆவுடையப்பனுக்கு வந்தது சந்தோஷம்தான், அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டாம். கிரிதரன் சார் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், பிறகு கீழே பார்த்தார். கோட்டின் மேல் உருளை ஏறி, சுண்ணாம்பு உருளையில் ஒட்டிச் சுற்றி வந்தது. சிரிப்பு முகத்திலேயே தங்கிவிட்டது, எடுக்க மறந்ததுபோல். ஓட வேண்டியதுதானே? ஓட மாட்டான். முதலாளி பார்க்கிறார். ஓடினால் வண்டி தோற்றது, நின்றால் கால். அவர் கண் வண்டியை விட்டுவிட்டு ஆவுடையப்பனைத் தேடியது, கண்டுபிடித்தது. தேடு, நன்றாகப் பார். இந்தக் கண்ணில் எத்தனை மாசமாக நீ முழிக்காமல் திரிந்தாய், இப்போது பார். தலையை ஆட்டவில்லை, வாயைத் திறக்கவில்லை, ஆனால் அந்தக் கண் கெஞ்சியது, ஆவுடையப்பா என்று கெஞ்சியது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் கெஞ்சு. கண்ணாடி, புழுதி, கியர். கண்ணாடியைப் பார்த்தேனா. இப்போது பார்க்கிறேன், கண்ணை அகட்டிக்கொண்டு பார்க்கிறேன், பார்த்துக்கொண்டே ஏற்றினால் அது என்ன பிழை? அந்த அலறல். அந்த அலறல் இன்னும் வரவில்லை, வரப்போகிறது, வந்தால் இன்னொரு கோமதி இன்னொரு வீட்டில் பேசாமல் சோறு போடுவாள். எவளோ போடட்டும், எனக்கென்ன. எனக்கென்ன என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கும்போதே பாழாய்ப்போன கட்டைவிரல் அமுக்கிவிட்டது.

வண்டி குலுங்கி நின்றது. கிரிதரன் சாரின் ஷூவுக்கும் உருளைக்கும் நடுவே ஒரு பூனை படுக்கலாம், அவ்வளவுதான் இடம். பந்தலில் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. ஆவுடையப்பன் தன் விரலைப் பார்த்தான், அதை வெட்டி எறியலாம் போல் ஆத்திரமாக வந்தது. இத்தனை நாள் வளர்த்த வஞ்சம், ஒரு விரல் நம்மைக் கேட்காமல் விட்டுக்கொடுத்துவிட்டது. சரி, போகட்டும். ஒரு வார்த்தை சொல்லட்டும் அந்த ஆள். நிறுத்தினது ஆவுடை என்று சொல்லட்டும், அது போதும் என்றுகூட அந்த நேரத்தில் நினைத்தான், அவ்வளவு மடையன்.

"இவ்வளவு கிட்டவா வந்து நிக்கும்?" என்று முதலாளி எழுந்து வந்தார்.

கிரிதரன் சார் நெற்றியைப் பொன்னாடையால் துடைத்தார். "அவ்வளவு துல்லியம் சார். கரெக்ட்டா கணக்குப் போட்டுத் தானா நின்னுச்சு. இதே மனுஷன் ஓட்டியிருந்தா?" என்று ஆவுடையப்பன் பக்கம் கையைக் காட்டிச் சிரிக்க முயன்றார். மெர்லின் பலகையைப் பார்த்தாள், கிரிதரன் சாரைப் பார்த்தாள், அப்புறம் தரையைப் பார்த்தாள்.

"நான்தான் அமுக்கினேன்," என்றான் ஆவுடையப்பன்.

"சார், இவருக்குப் பழைய பயம்..."

"ஆமா, பழைய பயம்." கழுத்திலிருந்து வாரைத் தலைவழியாகக் கழற்றினான். பெட்டியை ஜல்லி மேல், சுண்ணாம்புக் கோடு இருந்த இடத்தில், அலுங்காமல் வைத்தான். ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "இப்ப என் கையில ஒண்ணும் இல்ல. தானாத்தான நிக்கும்? இன்னொரு தடவ நில்லுங்க சார். அந்தப் பொன்னாடையோடயே நில்லுங்க. நான் போத்தினது, கலைக்காதீங்க."

பந்தலில் யாரோ சிரித்தார்கள், கூட யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்கள். "டைம் ஆச்சு, சாருக்குச் சாப்பாடு..." என்று கிரிதரன் சார் இழுத்தார்.

"நிக்க முடியலன்னா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பேச்சிமுத்து கால் போன அன்னைக்கு ஹார்ன் வயரக் கழட்டச் சொன்னது யாரு? அத மைக்குல சொல்லிட்டீங்கன்னா நான் பெட்டிய எடுத்துக்கிடுதேன்."

காண்ட்ராக்டர் குடையை மடக்கிவிட்டார். முதலாளி ஆவுடையப்பனைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கடைசியில் கிரிதரனைப் பார்த்தார். "வயர் என்ன வயர், அதை அப்புறம் கேட்கிறேன். ஒரு நிமிஷ வேலைதானே கிரி. தானா நிக்கும்னு நீங்கதான சொன்னீங்க? நில்லுங்க." அவர் மெர்லினைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவள் பலகையைத் தொட, வண்டி பழைய இடத்துக்குப் பின்னால் போயிற்று. கீ கீ கீ கீ. இன்றைக்கு நன்றாக அடித்தது. மதில் சுவர் வரை அடித்தது, பங்களா வரை அடித்தது. ஆவுடையப்பன் கிரிதரனின் ஷூவை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் ஜல்லியில் ரப்பர் ஊன்றி ஊன்றி ஒரு கால் வருகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நடை அவனுக்குத் தெரியும்.

ஹார்ன் நின்றது. "ஸ்டார்ட் பண்ணட்டுமா சார்?" என்றாள் மெர்லின்.

கிரிதரன் சார் உருளையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைப் பார்த்தார். பிறகு அந்த ஷூ, வலது கால் ஷூ, ஒரு எட்டுப் பின்னால் போயிற்று.

"வேண்டாம்," என்றார். மெதுவாகத்தான் சொன்னார். காலரில் மைக் இருந்ததால் கேட் வரைக்கும் கேட்டது.

பேச்சிமுத்து ஆவுடையப்பனுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். மூச்சு வாங்கியது. ஜல்லியில் கிடந்த பெட்டியைக் கைத்தடி நுனியால் தொட்டுப் பார்த்தான்.

"எடுக்காதீங்க அத்தான்," என்றான். "வயருக்கு இன்னும் பதில் சொல்லலல்லா. அது வரைக்கும் அங்கயே கெடக்கட்டும்."